ஒன்பதாம் எண் முயல்

மஞ்சக்குப்பம், கடலூர்
4-2-1968

அன்புள்ள மாமாவுக்கு,

மூங்கில் கூடையில் மூன்று முயல்களையும் வைத்து நீங்கள் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. "எல்லாரும் சுகம்" என்று ஒரு கார்டு போட்டீர்கள். அந்த எல்லாரில் முயல்களும் சேர்த்தியா என்று எனக்குத் தெரியவில்லை.

முத்திரைக்கு (காதில் தபால் முத்திரை மாதிரி பழுப்பு வட்டம் உள்ளது) முள்ளங்கி இலை கொடுத்தால் தின்னாது, கூண்டின் மூலைக்குத் தள்ளிவிடும். அருகம்புல்லை ஈரமில்லாமல் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டும் எதையும் தின்னும்.

நீங்கள் வேலை பார்க்கும் கண் டாக்டருக்கு முயல் எதற்கு? "ஆராய்ச்சி பண்றாரு, அங்க ராஜ வாழ்க்கை" என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் கொடுத்தேன். எங்கள் வகுப்பில் தவளையை அறுத்துத்தான் பாடம் படித்தோம். அந்த மாதிரி இல்லை என்று எழுதுங்கள்.

அப்பா வழக்கம்போல் சனிக்கிழமைதான் நெய்வேலியிலிருந்து வருகிறார். அம்மாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை அதிகம். கடலை புடைக்கிற வரிசையில் கடைசி ஆள் அம்மாதான். தூசு முழுவதும் வலப்பக்கமிருந்து வருவதால் அந்தக் கண் மட்டும் சிவந்துவிடுகிறது. மருந்துக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தை விட்டால் மறுநாளே வெளுத்துவிடும். கவலைப்பட ஒன்றுமில்லை.

குணசுந்தரி


சிதம்பரம்
9-2-1968

அன்புள்ள குணாவுக்கு காசிநாதன் எழுதுவது.

அறுக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன், உன்னைப்போல விவரமாக எழுத வராது. டாக்டர் தேவசகாயம் மெட்ராஸில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மேல வீதியில் நோயாளிகளைப் பார்ப்பார். மத்தியானம் பின்கட்டுக் கொட்டகைக்கு வருவார். அங்கே பன்னிரண்டு முயல்கள், பன்னிரண்டு கூண்டுகள், எனக்கு ஒரு முக்காலி. உன் முத்திரைக்கு ஒன்பதாம் எண். சாப்பாட்டில் குறை இல்லை. முள்ளங்கி இலையை எங்களிடமும் மூலைக்குத்தான் தள்ளுகிறது.

கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்குமாம், வடிந்துகொண்டே இருக்குமாம். வடிவது அடைத்துக்கொண்டால் கண் உள்ளே இறுகிப்போகும். கண் அழுத்த நோய் என்கிறார். பாதிப் பேருக்கு வலியே தெரியாதாம். ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டே வருமாம், நடுவில் மட்டும் தெரிவதால் ஆளுக்கே தெரியாதாம். அது எப்படி வருகிறது என்று பார்க்க, முயலின் வலது கண்ணில் ஒரு மருந்தை விட்டு அழுத்தத்தை ஏற்றப் போகிறார். இடது கண்ணில் ஒன்றும் விடமாட்டோம், அது ஒப்பிட. பத்தொன்பதாம் தேதி ஆரம்பம். தினம் மூன்று வேளை நான்தான் விட வேண்டும்.

சனிக்கிழமை அளவு எடுப்பார். மரத்துப்போகிற சொட்டு விட்டுவிட்டு ஒரு சின்னக் கருவியைக் கண்ணின் மேல் வைக்கிறார். முள் குறைவாக நகர்ந்தால் அழுத்தம் ஜாஸ்தி. எனக்கு அது தலைகீழாகப் பட்டது. "ஆணி வாழப்பழத்துல ஜாஸ்தி எறங்குமா, கல்லுல ஜாஸ்தி எறங்குமா காசி?" என்று கேட்டார். அப்புறம் புரிந்தது.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

காசிநாதன்


மஞ்சக்குப்பம்
13-2-1968

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அதேதான் இருக்கிறது. நல்ல கண்ணில் நோயை வரவழைக்கப் போகிறீர்கள். அதையும் நீங்களே உங்கள் கையால் செய்யப் போகிறீர்கள். வாழைப்பழம், ஆணி என்று வேடிக்கை வேறு.

முத்திரை பிறந்தபோது கண் திறக்கப் பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் காலையில் அது முதலில் பார்த்த ஆள் நான்தான். உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம்.

மற்ற இரண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் சொல்லவில்லை. முத்திரையை மட்டும் விட்டுவிடுங்கள். டாக்டரிடம் கேட்பீர்களோ, வேறு என்ன செய்வீர்களோ. அதுவரை நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை.

குணசுந்தரி


சிதம்பரம்
24-2-1968

அன்புள்ள குணாவுக்கு,

சொன்னபடி எழுதாமலே இருந்துவிட்டாய். அக்காவின் பிடிவாதம் அப்படியே உன்னிடம் இருக்கிறது.

இதைக் கார்டில் எழுத முடியாது என்பதால் இன்லண்டு வாங்கிச் சோற்றுப்பருக்கையால் ஒட்டுகிறேன். டாக்டரிடம் கேட்டேன். "கணக்கு பன்னெண்டுக்குப் போட்டது காசி, ஒண்ணு கொறஞ்சாலும் கெட்டுப்போவும்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை மருந்து ஆரம்பித்தோம். பதினொரு முயலுக்கு மருந்து விடுகிறேன். ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும், முதல் நாள் முதலே, காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீர். அதேமாதிரி காலிப் புட்டி ஒன்று என் மடியில் இருக்கிறது. நோட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் குறிக்கிறேன்.

படித்ததும் கிழித்துவிடு. அக்காவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

காசிநாதன்


மஞ்சக்குப்பம்
2-3-1968

அன்புள்ள மாமாவுக்கு,

கிழித்துவிட்டேன். கிழித்து, நனைத்து, வேப்பமரத்தடியில் புதைத்தும்விட்டேன். உங்களிடம் கோபித்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்த ஊரில் யாருக்கும் உங்களைப்போல ஒரு மாமா கிடையாது.

கோபம் போனதும் எனக்குப் படிக்கிற ஆசை வந்துவிட்டது. மற்ற முயல்களுக்கு எவ்வளவு ஏறுகிறது? இடது கண் அப்படியே இருக்கிறதா? நிறுத்தினால் இறங்குமா? அந்த மருந்தின் பெயர் என்ன? பள்ளி நூலகத்தில் தடியாக ஒரு மருத்துவ அகராதி இருக்கிறது. இதுவரை யாரும் தொடாத புத்தகம், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் தேடிப் பார்ப்பேன்.

அம்மா நேற்று மண்டியிலிருந்து வரும்போது சைக்கிளில் இடித்துக்கொண்டாள். வலது தோளில் சிராய்ப்பு. சைக்கிள்காரரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். "மணி அடிக்காம வர்றான் பாரு, காளை மாடு" என்றாள். மணி அடித்தார் என்று கூட வந்த சின்னம்மாள் பெரியம்மா சொன்னார்.

குணசுந்தரி


சிதம்பரம்
24-3-1968

அன்புள்ள குணாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம், டாக்டர் என்னைக் கொட்டகையை விட்டு நகரவிடுவதில்லை. ஐந்து வாரம் முடிந்தது. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் அழுத்தம் பதினெட்டு, பத்தொன்பதுதான். இப்போது பதினொரு முயலுக்கு வலது கண்ணில் இருபத்தாறு முதல் முப்பத்தொன்று வரை வந்துவிட்டது. இடது கண் சிலதில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பெரிதாக இல்லை. நிறுத்தினால் இறங்குமா என்று கடைசியில்தான் பார்ப்பாராம்.

ஒன்பதாம் எண் பத்தொன்பதிலேயே நிற்கிறது. வேறெங்கே போகும்? ஆனால் டாக்டர் அந்தக் கூண்டின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது காசி? இதுக்குள்ள என்னமோ இருக்குதுய்யா" என்கிறார். அதற்குத் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறார். இதன் குட்டிகளுக்கும் அப்படி இருக்குமா என்று பார்க்க ஜோடி தேடச் சொல்லியிருக்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து புல் வெட்டினேன்.

மருந்தின் பெயர் டெக்ஸாமெத்தசோன் என்று டாக்டர் வாயால் கேட்டு எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று, புட்டியில் உள்ள இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்துத் தனித்தாளில் படமாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

காசிநாதன்


மஞ்சக்குப்பம்
28-3-1968

மாமா,

அகராதியில் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலைக்குப் போகுமுன் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு, புட்டியை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் பார்க்கிற புட்டிதான். உங்கள் தாளையும் புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். ஒரே பெயர். நீங்கள் வரைந்ததில் ஓர் எழுத்துக்குக் கால் மட்டும் நீளம், வேறு வித்தியாசம் இல்லை.

எவ்வளவு நாளாக விடுகிறாய் என்று கேட்டேன். போன வருஷம் பொங்கல் முதல். பதினாலு மாதம். எந்தக் கண்ணில் என்று நான் கேட்க வேண்டியதில்லை. முயல்களுக்கு ஐந்து வாரம்தான், மாமா.

அம்மாவின் இடக்கண்ணைக் கையால் பொத்தினேன்.

"இன்னா தெரியுது?"

"ஓம் மூஞ்சிதான் தெரியுது. வேற இன்னா தெரியணும்? வுடு, நேரமாவுது."

அம்மாவின் வலப்பக்கம் ஒரு முழத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு தெரிகிறதா என்றேன். தலையைத் திருப்பினாள். திருப்பாமல் சொல் என்றேன். என் கையைத் தட்டிவிட்டு, "பொகையில தெரியல" என்று சொல்லி முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புகையே இல்லை.

டாக்டரிடம் இன்றே கேளுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் அம்மா என் பேச்சைக் கேட்கமாட்டாள். மண்டியில் பாதிப் பேர் அதைத்தான் விடுகிறார்கள்.

குணசுந்தரி


சிதம்பரம்
1-4-1968

குணாவுக்கு,

கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"சார், எங்க அக்கா இதே மருந்த ஒரு வருசத்துக்கு மேல விடுது. ஓரத்துல தெரியலன்னு பொண்ணு எழுதியிருக்குது" என்றேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். நல்ல மனுஷர், காது கொடுத்துக் கேட்டார். "எல்லாருக்கும் ஏறாது காசி. ஒன்பதாம் நம்பரப் பாரு, ஆறு வாரம், ஒண்ணுமே ஆவல. மனுசங்கள்லயும் அந்த மாதிரி நெறைய பேரு இருக்காங்க. ஒங்க அக்காவும் ஒன்பது மாதிரி இருக்கும். தூசுல வேல பாக்குறவங்களுக்கு வேற கோளாறும் இருக்கும். ஞாயித்துக்கிழம நான் மெட்ராஸ் போறேன், இந்தக் கணக்க அங்க நாலு பேருக்குக் காட்டணும். திரும்ப ஒன்றர மாசம் ஆவும். வந்ததும் கூட்டியா, பாப்போம்" என்றார்.

ஒன்பது மாதிரி இருக்கும் என்றார், குணா. என் எதிரிலேயே சொன்னார். ஒன்பதாம் எண்ணின் கண்ணில் இருப்பது என் மடியில் இருக்கிற உப்புத் தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க சார்" என்றுதான் வந்தது.

சொன்னால் வேலை போகும். அது போனால் போகட்டும் என்று நூறு தடவை நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை. என்ன செய்யட்டும், நீ சொல்.

காசிநாதன்


மஞ்சக்குப்பம்
3-4-1968

அன்புள்ள மாமாவுக்கு,

இத்துடன் டாக்டருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, நீங்களும் படிக்கலாம். ஒன்பதாம் எண் முயல் என்னுடையது, அதற்கு மருந்து போட வேண்டாம் என்று உங்களைக் கட்டாயப்படுத்தியவள் நான், அதன் கணக்கு பொய் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பொய்யை வைத்து என் அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். வாயால் சொல்ல வராவிட்டால் இதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்டது நான்.

புட்டியை ஒளித்துவைத்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "எங் கண்ணு, எம் மருந்து. அதுக்கு ஓங்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்று கத்தினாள். மருந்து விடாததால் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பார்க்க நான் செய்தது தப்பு மாதிரியும் அம்மா செய்தது சரி மாதிரியும் இருந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத் தண்ணீரையும் சொன்னேன். முதலில் அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பாயில் உட்கார்ந்து, "ஒரு மொசலுக்காடி?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கிளம்புகிறோம். நாங்கள் வந்து சேருவதற்குள் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், மாமா. எங்களைப் பார்த்த பிறகு சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

குணசுந்தரி


சிதம்பரம்
20-4-1968

அன்புள்ள குணாவுக்கு,

நீங்கள் வந்த அன்று நாம் இருவரும் தனியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைக் கொடுக்கவில்லை, சட்டைப்பையிலேயே இருந்தது. அது பையில் இருந்ததால்தான் வாய் வந்தது என்று நினைக்கிறேன். டாக்டர் திட்டவில்லை. தனி நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டார். இருபத்திரண்டு பக்கம். எல்லாம் முடிந்த பிறகு, "அடுத்த வாரம் மெட்ராஸ்ல இத நாலு பேருக்கு முன்னாடி சொல்லியிருப்பேன் காசி. அவங்க அவங்க நோயாளிகிட்ட சொல்லியிருப்பாங்க" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பயணத்தை நிறுத்திவிட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மருந்துப் புட்டியை இனி நான் தொடக்கூடாது. அவரே விடுகிறார். நான் புல் வெட்டுகிறேன், கூண்டு கழுவுகிறேன்.

எட்டாம் தேதி முதல் ஒன்பதாம் எண்ணுக்கும் நிஜ மருந்து. முதல் நாள் என்று புது நோட்டில் எழுதியிருக்கிறார். முயலைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டார். பிடித்துக்கொண்டேன். உனக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆறாம் தேதி அக்காவுக்கு வலது கண்ணில் நாற்பத்திரண்டு இருந்தது. மருந்தை நிறுத்தி, மாத்திரை கொடுத்து, போன சனிக்கிழமை அளந்ததில் இருபத்துநான்கு. போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். அக்கா இரண்டு தடவை வந்தும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது.

காசிநாதன்


மஞ்சக்குப்பம்
28-4-1968

அன்புள்ள மாமாவுக்கு,

முத்திரையைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அழவில்லை என்று சொன்னால் பொய். இனி பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் அளவை எனக்கு எழுதுங்கள். ஏறினாலும் எழுதுங்கள்.

பள்ளி விடுமுறை. நேற்று அம்மாவோடு மண்டிக்குப் போனேன். அம்மா இப்போது வரிசையில் முதல் இடத்துக்கு மாறி, முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள். சாப்பாட்டு வேளையில் புட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டேன். பதினேழு பேரில் ஒன்பது பேர் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஏழு புட்டிகளில் அதே பெயர் இருந்தது. நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை.

"அமராவதி மொவ டாக்டரு ஆயிட்டாடீ, எல்லாரும் நாக்க நீட்டுங்க."

"ஏம்மா, மொசலுக்கு வந்தா எங்களுக்கும் வரணுமா? நாங்க என்ன புல்லா திங்கறோம்?"

எனக்குக் காது சுட்டது. அம்மா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சிரிங்க. எனக்குப் போனது போச்சு. ஒங்களுக்கு இருக்குதான்னு அவகிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள். அம்மா தன் கண்ணைப் பற்றி வெளியே ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றுவிட்டது.

சின்னம்மாள் பெரியம்மா எழுந்து வந்து என் எதிரே சாக்கின் மேல் உட்கார்ந்தார். அவர் இரண்டு கண்ணிலும் விடுகிறவர், மூன்று வருஷமாக. டாக்டர் அம்மாவுக்குச் செய்ததைப் பார்த்திருந்தேன் அல்லவா, அதேபோலச் செய்தேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். என் மூக்கையே பார்க்க வேண்டும், என் விரல் பக்கவாட்டிலிருந்து வரும், தெரிந்தவுடன் சொல்ல வேண்டும் என்றேன்.

"சரி, காட்டு" என்றார்.

நான் விரலை ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தேன்.

"சீக்கிரம் காட்டும்மா. சோறு காஞ்சிடும்."

விரல் அவர் காதைத் தாண்டிவிட்டது. கன்னத்துக்கு நேராக வந்துவிட்டது. வரிசையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி அமராவதி, ஓம் மொவ வெளயாடுறாளா? எப்பத்தான் காட்டப் போறா?"

அம்மா சோற்றுக்கையோடு எழுந்து வந்து, இடது கையால் பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கெடிலத்துப் பாலத்தில் நின்று, "காசிக்கு எழுது. வர்ற சனிக்கெழம சின்னம்மாளோட சேத்து ஏழு பேரு வர்றோம். டாக்டருகிட்ட சொல்லி வெக்கச் சொல்லு. டேசனுக்கு அவன வரச் சொல்லு" என்றாள்.

சிதம்பரம் வந்துபோன பிறகு இந்த இருபத்திரண்டு நாளில் அம்மா உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்டது இப்போதுதான்.

குணசுந்தரி